எழுவான்கரைக் கிணத்துத் தண்ணியில ஈயம் தேடின வேலை: எஸ்டிஎஸ் ஏன் சரிவரல்ல, ட்ரைட்டன் எப்பிடிச் சரிவந்துது

வீச்சு வலைக்கு வீட்டிலயே ஈயம் உருக்கிற ஆக்கள் மட்டக்களப்பு எழுவான்கரைப் பக்கம் இன்னும் இருக்கிறாங்க. பழைய பெற்றறித் தகடு, அறுந்த வலையில மிஞ்சின ஈயக்குண்டு, எது கிடைச்சாலும் ஒரு பழைய தாச்சியில போட்டு விறகடுப்புல வச்சு உருக்கி அச்சில ஊத்துவாங்க, ஈயம் 327 பாகையில உருகிரும், அதுக்கு விறகடுப்பே தாராளம். ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில அப்பிடி ஒரு வளவு. உருக்கிற இடமும் குடிக்கிற கிணறும் கிட்டக்கிட்ட, முழுக்க மணல் தரை. அந்த வீட்டு மாமா கேட்டது ஒண்டே ஒண்டுதான், "மனே, இந்தத் தண்ணியப் புள்ளையள் குடிக்கலாமா எண்டு மட்டும் பாத்துச் சொல்லு."

சின்னக் கேள்விதான், ஆனா பதில் சொல்லுறது லேசில்ல. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்குச் சொல்லுற ஈய அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். சாதாரண சுவாலை ஏஏஎஸ் (அணு உறிஞ்சல முறையில உலோகத்த அளக்கிற) மெஷின் கிட்டத்தட்ட அந்த அளவிலயே கண் மங்கிப் போயிரும், அதாவது எங்களுக்கு எது முக்கியமோ அந்த இடத்திலதான் மெஷின் குருடு. கிராஃபைட் உலை உள்ள மெஷின் இருந்தா நேரா அளக்கலாம், எங்கட கைக்கு அது எட்டாது. அப்ப ஒரே வழி, தண்ணியில கிடக்கிற ஈயத்த முதல்ல ஒரு சின்ன அளவுக்குள்ள கூட்டிச் சேக்கணும், 50 மில்லி லீற்றரில இருக்கிறத 1 மில்லி லீற்றருக்குக் கொண்டுவந்தா 10 மைக்ரோகிராம் 500 ஆகும், அது மெஷினுக்கு நல்லாத் தெரியும். குளோரோபோம் மாதிரிக் கரைப்பான் வச்சுப் பிரிக்கிற பழைய முறை இருக்குத்தான், காத்தோட்டம் ஒழுங்கா இல்லாத லேபுல அத நாள்பூராத் திறந்து வச்சு வேலை செய்ய எனக்கு விருப்பமே இல்ல. அதால சர்ஃபக்டன்ட் (சவர்க்காரம் மாதிரி, ஒரு பக்கம் தண்ணியையும் மறு பக்கம் எண்ணெயையும் விரும்புற பொருள்) முறைக்குப் போனம். வேலையக் கூடுதலாச் செஞ்சது எங்கட லேபில ப்ராஜெக்ட் செய்யிற தங்கச்சி ஒராள், நான் கூட நிண்டு பாத்தன்.

முதல்ல எஸ்டிஎஸ்

எங்கட கிணத்துத் தண்ணியில சவர்க்காரம் போட்டா நுரை வராது, வெள்ளை வெள்ளையாத் திரிஞ்சு வாளி ஓரத்துல ஒட்டும். அதுவே ஒரு உலோக அயன் பிணைப்புத்தான், சவர்க்காரத்துட மறை ஏற்றத் தலை கல்சியத்தப் பிடிச்சுக் கரையாத உப்பா மாறுது. இதே குணத்த நல்ல வழியில பாவிக்கிறதுதான் எஸ்டிஎஸ் முறை. எஸ்டிஎஸ் எண்டது சோடியம் டோடெசைல் சல்பேற்று, ஒரு பக்கம் 12 காபன் நீள வால், மற்றப் பக்கம் மறை ஏற்றமுள்ள சல்பேற்றுத் தலை. 25 பாகையில லீற்றருக்கு 8.2 மில்லிமோல், அதாவது கிட்டத்தட்ட 2.4 கிராம் தாண்டினா வால் எல்லாம் உள்ளுக்கும் தலை எல்லாம் வெளியிலயுமா அறுபது சொச்சம் மூலக்கூறு சேந்து ஒரு உருண்டையாகும், அதுதான் மிசெல். வெளிப்பக்கம் முழுக்க மறை ஏற்றம், அதால ரெண்டு நேர் ஏற்றம் உள்ள ஈயம் வந்தா அங்க இருந்த சோடியத்தத் தள்ளிப்போட்டு அது ஒட்டிக்கொள்ளும். 62 மூலக்கூறு, ஒவ்வொண்டும் 288 டால்ட்டன் (மூலக்கூறுட பாரத்த அளக்கிற அலகு), பெருக்கினா ஒரு மிசெலுக்கு கிட்டத்தட்ட 18,000. 10,000 டால்ட்டன் மென்சவ்வுக்குள்ளால அது போகாது. தண்ணி போகும், மிசெலும் அதோட ஒட்டின ஈயமும் மேலயே நிக்கும். 1980களில இருந்து கழிவுநீரில செம்பு, நாகம் (துத்தநாகம்), கட்மியம் பிடிக்க இந்த முறையப் பத்திக் கனக்க எழுதியிருக்கு.

அயன் நீக்கின தண்ணியில ஈய நைத்திரேற்று போட்டுப் பாத்தா அழகா வேலை செஞ்சுது, கீழ வந்த தண்ணியில ஈயமே தெரியல்ல. எவ்வளவு பிடிக்குது எண்டு பாக்க மாமா வீட்டுக் கிணத்துத் தண்ணியில ஈயம் அளந்து சேத்து, அதே எஸ்டிஎஸ்ஸப் போட்டதும் கொஞ்ச நேரத்துல வெள்ளையா மங்கிச்சு, மென்சவ்வு அடைச்சுது, கீழ வந்த கொஞ்சத் தண்ணியிலயும் நாங்க அளந்து சேத்த ஈயம் வந்து நிண்டுது.

ஏன் எண்டு பேப்பரில கணக்குப் போட்டாலே விளங்கும். ஈயம் 10 மைக்ரோகிராம் எண்டா லீற்றருக்கு 0.048 மைக்ரோமோல். கடினத்தன்மை கல்சியம் காபனேற்றுக் கணக்கில லீற்றருக்கு 300 மில்லிகிராம் எண்டு வச்சா, கல்சியமும் மக்னீசியமும் சேந்து 3 மில்லிமோல். அதாவது ஒரு ஈய அயனுக்கு அறுபதாயிரத்துக்கு மேல கல்சியம், மக்னீசியம். எஸ்டிஎஸ் மிசெல் ஏற்றத்தப் பாத்துத்தான் பிடிக்குது, ரெண்டு நேர் ஏற்றம் எண்டா அதுக்கு எல்லாம் ஒண்டுதான், ஈயத்துக்குக் கொஞ்சம் கூட விருப்பம் காட்டினாலும் அறுபதாயிரத்துக்கு முன்னால அந்த விருப்பத்துக்குப் பெறுமதி இல்ல. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாச் சனத்துக்க "ரெண்டு கால் இருக்கிற ஆளப் பிடிச்சுக்கொண்டு வா" எண்டு சொல்லி ஒராள அனுப்பின மாதிரி. அதோட சவர்த் தண்ணியில சோடியம் வேற கூட, அதுவும் இடத்துக்குப் போட்டி போடும்.

கட்மியம் தேடுற ஆக்களுக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கு, சொல்லிப்போட்டுப் போறன். உப்புத் தண்ணியில கட்மியம் குளோரைட்டோட சேந்து ஒரு ஏற்றம் உள்ளதாவோ ஏற்றமே இல்லாததாவோ மாறிரும், ஏற்றத்த நம்பிப் பிடிக்கிற மிசெலுக்கு அது கண்ணிலயே படாது. களப்புத் தண்ணிக்கு எஸ்டிஎஸ் எண்டு யாராவது யோசிச்சா அந்த யோசினைய விட்டுடுறது நல்லம்.

செம்பு கனக்கக் கிடக்கிற கழிவுநீர், கல்சியம் குறைவு, அப்பிடியான இடத்துல எஸ்டிஎஸ் நல்ல முறைதான், அதில குறை சொல்ல ஒண்டுமில்ல. எங்கட கடற்கரைக் கிணறு அதுக்குரிய இடம் இல்ல.

ட்ரைட்டனும் மட்டக்களப்புச் சூடும்

மறுகா போனது ட்ரைட்டன் எக்ஸ்-114 க்கு. இது ஏற்றமே இல்லாத சர்ஃபக்டன்ட், தலைக்குப் பதிலா சராசரியா ஏழரை எதிலீன் ஒக்சைட் அலகு உள்ள சங்கிலி, அதச் சுத்தித் தண்ணி மூலக்கூறு ஒட்டிக்கொண்டு இருக்கிறதாலதான் கரையுது. சூடேத்தினா அந்தத் தண்ணி கழண்டு போகும், மிசெல் ஒண்டோட ஒண்டு சேரும், கரைசல் பால் மாதிரி மங்கிக் கடைசியில ரெண்டு படையாப் பிரியும், கீழ தடிப்பான ஒரு துளி, மேல கிட்டத்தட்ட வெறும் தண்ணி. அந்த மங்குற வெப்பநிலையத்தான் முகில் புள்ளி எண்டு சொல்லுறது. 1978 இல வடனபேயும் தனகாவும் நாகத்த பிஏஎன் எண்ட சாயத்தோட சேத்து இப்பிடி ஏற்றமில்லாத சர்ஃபக்டன்ட்டுக்குள்ள பிரிச்செடுத்துக் காட்டினாங்க, அதுக்குப் பிறகு உலகம் பூரா இந்த முறை பரவிச்சு.

இஞ்ச கவனிக்க வேண்டியது, உலோகத்தப் பிடிக்கிறது மிசெல் இல்ல. பிடிக்கிறது நாங்க போடுற இணையி. அது ஈயம் மாதிரி உலோகத்தப் பிடிச்சு ஏற்றமில்லாத, எண்ணெய்க் குணமுள்ள சிக்கலா மாத்தும், அந்தச் சிக்கலுக்குத் தண்ணி பிடிக்காது, போய் மிசெலுக்குள்ள ஒளிச்சுக்கொள்ளும். மிசெல் அதுக்கு ஒதுங்கிற இடம், அவ்வளவுதான். அப்ப கல்சியம் அறுபதாயிரம் மடங்கு கிடந்தாலும் இணையி அதத் தொடல்ல எண்டா அது வெளியிலதான் நிக்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவத்தையும் எழுதுறன்.

ஆனா ட்ரைட்டன் எக்ஸ்-114 இட முகில் புள்ளி 23 தொடக்கம் 25 பாகை. பேப்பரில எல்லாம் "அறை வெப்பநிலையில தெளிவான கரைசல் எடுத்து 40, 50 பாகைக்குச் சூடாக்கவும்" எண்டு கிடக்கும். எங்கட அறை வெப்பநிலை 30! ஏசி 22 இல ஓடினா போத்தல் தெளிவாயிருக்கும், கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் கழிச்சுப் பாத்தா அதே போத்தல் பால். பாலா இருந்தாக் கூடக் குலுக்கி எடுக்கலாம், நிறைய நேரம் அசையாம நிண்டா அடியில தடிப்பா இறங்கிரும். மேல நிக்கிற படை கண்ணுக்குத் தெளிவாத்தான் தெரியும், ஆனா அதுக்குள்ள சர்ஃபக்டன்ட் பேருக்குத்தான் கிடக்கும். பிப்பெட்ட மேலால விட்டு உறிஞ்சினா ட்ரைட்டன் போட்டம் எண்டு நினைச்சுத் தண்ணிதான் போட்டிருப்பம். ஒரு நாள் ரிசல்ட் நல்லா வரும், அடுத்த நாள் ஒண்டும் வராது, காரணம் தேடித் தலை வெடிக்கும். ஸ்டொக் போத்தல எப்பவும் ஃபிரிஜ்ஜுக்க வச்சு, குளிரா, தெளிவா இருக்கேக்க மட்டும் எடுக்கிறது எண்டு வச்ச பிறகுதான் அந்தத் தொல்லை போனது. பிரிச்செடுத்த பிறகு அடித் துளி இறுகிறதுக்கு ஐஸ் வேணும், அதுக்கு மீனுக்குப் போடுற ஐஸ் வாங்கினம், ரியூப்புக்கு வெளியில நிக்கிற ஐஸ்தானே, உப்பிருந்தாலும் பிழையில்ல.

இணையியா முதல்ல எடுத்தது டைதைசோன். பழைய ஆக்கள் ஈயத்துக்குப் பாவிச்ச சாமான், கரைசல் பச்சை, ஈயத்தோட சேந்தா செம்மை, கண்ணாலயே பாக்கலாம் எண்டதால தங்கச்சிக்கு அதில நல்ல விருப்பம். அது ஈயத்த ஒழுங்காப் பிடிக்க பிஎச் 9 பக்கம் வேணும். அயன் நீக்கின தண்ணியில அடித்துளி அழகான சிவப்பா வந்துது. கிணத்துத் தண்ணியில, பிஎச்ச 9 பக்கம் நிப்பாட்டி வைக்கிற அமோனியாத் தாங்கற் கரைசல் விட்ட உடனேயே, சூடாக்கவும் முதல், ட்ரைட்டன் போடவும் முதல், ரியூப் மங்கிச்சு.

அதில தங்கச்சி செஞ்ச ஒரு வேலை எனக்கு நல்லாப் பிடிச்சுது. மங்கின ரியூப்ப எல்லாம் ஒண்டாச் சேத்து "மங்கல்" எண்டு கொப்பியில எழுதாம ஒவ்வொண்டையும் மூண்டு விதமாப் பாத்தா. ஐஸுக்க வச்சா தெளிஞ்சுது எண்டா அது ட்ரைட்டன். குளிருக்குத் தெளியாம ஒரு சொட்டு அமிலத்துக்குச் சின்னச் சின்னக் குமிழ் விட்டுத் தெளிஞ்சா அது கல்சியம் காபனேற்று. ரெண்டுக்கும் மசியாம நல்லாச் சூடாக்கினா மட்டும் கரைஞ்சா, அது முந்தி எஸ்டிஎஸ்ஸில பாத்த கல்சியம் டோடெசைல் சல்பேற்று. ஒரே மாதிரித் தெரியிற மூண்டு வெள்ளை, மூண்டும் வேற வேற. இந்த வேலைக்குப் புதுசா வாற ஆருக்கும் நான் முதல் சொல்லிக் குடுக்கிறது இதுதான்.

இந்த ரியூப் காபனேற்று. எங்கட தண்ணியில பைகாபனேற்று கூட, பிஎச்ச ஏத்தினா அது காபனேற்றாகிக் கல்சியத்தோட விழும், விழேக்க ஈயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அப்ப டைதைசோனுக்கு மிச்சம் கிடைக்கிறது கொஞ்சம்தான். சேம்பிள எடுக்கிற இடத்திலயே நைத்திரிக் அமிலம் விட்டுப் பிஎச் 2க்குக் கீழ கொண்டுவந்தா பைகாபனேற்று காபனீரொட்சைட்டாப் போயிரும், பிறகு பிஎச்ச ஏத்தினாலும் இந்தளவுக்கு விழாது. அது சரியான வழிதான், எப்பிடியும் போத்தல் சுவரில ஈயம் ஒட்டாம இருக்க அமிலம் விடத்தான் வேணும். ஆனா அமிலம் விட்ட சேம்பிளத் திரும்பக் காரமாக்கி, அதுக்குள்ள விடுற ஒவ்வொரு சாமானிலயும் கொஞ்சக் கொஞ்ச ஈயம் சேந்து, வெற்றுச் சேம்பிளே, அதாவது ஒப்பிட வச்ச வெறும் தண்ணியே, சிவக்கத் தொடங்கிச்சு. கிணத்துத் தண்ணிக்கும் வெறும் தண்ணிக்கும் வித்தியாசம் சொல்ல ஏலாத நிலை.

அமிலத்திலயே பிடிக்கிற இணையி

அப்பத்தான் டிடிடிபி, அமோனியம் டைஎதில் டைதயோபொஸ்பேற்று. மணம் சகிக்க ஏலாது, முட்டை அழுகின மணம், காத்தோட்டம் இருக்கிற இடத்துலதான் திறக்கணும். ஆனா குணம் தங்கம். பிடிக்கிற கை கந்தகம், ஈயம், கட்மியம், செம்பு மாதிரி உலோகத்துக்குக் கந்தகம் எண்டா சரியான விருப்பம், கல்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் ஒக்சிசன்தான் வேணும், கந்தகத்தத் திரும்பியும் பாக்காது. அதவிடப் பெரிய விஷயம், இது அமிலத்துக்குள்ளயே வேலை செய்யும். சேம்பிள் ஏற்கெனவே அமிலம், கொஞ்சம் ஐதரோக்குளோரிக் அமிலம் மட்டும் கூட விட்டாப் போதும், பிஎச் ஏத்தத் தேவையில்ல, காபனேற்று விழாது, தாங்கற் கரைசல் இல்ல, அதால வெற்றுச் சேம்பிளும் சுத்தம். இரும்பு கூடின தண்ணி எண்டா கொஞ்சம் அஸ்கோபிக் அமிலம், அதுக்கு மேல ஒண்டும் இல்ல.

செஞ்ச விதம் இதுதான். 50 மில்லி லீற்றர் சேம்பிள், டிடிடிபி, குளிர் ட்ரைட்டன் கடைசிச் செறிவு 0.1 வீதம் வாற மாதிரி, 45 பாகைத் தண்ணித் தொட்டியில கொஞ்ச நேரம், பிறகு சென்ட்ரிபியூஜ், உடனே ஐஸ். ஐஸ்ஸில அடித்துளி பிசின் மாதிரி இறுகிப் பிடிச்சுக்கொள்ளும், மேல் தண்ணிய ரியூப்பச் சரிச்சே ஊத்திரலாம். அடியில மிஞ்சினத அமிலம் கலந்த மெதனோலில 1 மில்லி லீற்றருக்குக் கரைச்சு மெஷினுக்கு. மெதனோல் இல்லாட்டித் துளி தடிப்பா நிண்டு மெஷின்ட குழாய அடைக்கும்.

இடையில ஒரு ரியூப் மட்டும் பிரியவே மாட்டன் எண்டு நிண்டுது. தொட்டிச் சூட்டுல மத்தது எல்லாம் பால், இது மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவு. தேடிப் பாத்தா அந்த ரியூப்ப யாரோ கோப்பை கழுவுற திரவத்தால கழுவி, சரியா அலசாம வச்சிருக்கிறாங்க. அந்தத் திரவத்துல இருக்கிறது மறை ஏற்ற சர்ஃபக்டன்ட், அது துளியளவு ட்ரைட்டன் மிசெலுக்குள்ள போனாலே மிசெலுக்கெல்லாம் ஏற்றம் வந்து ஒண்டையொண்டு தள்ளும், முகில் புள்ளி எங்கயோ மேல போயிரும். அயன் நீக்கின தண்ணியில இருந்த ரியூப் எண்டதால அது பெரிசாத் தெரிஞ்சுது, சவர்த் தண்ணியா இருந்தா உப்பு அந்தத் தள்ளல மறைச்சிருக்கும். அதுக்குப் பிறகு எல்லாக் கண்ணாடியும் 10 வீத நைத்திரிக் அமிலத்துல ஊறப்போட்டுத்தான்.

கிணத்துத் தண்ணியில அளந்து சேத்த ஈயம் இந்த முறையில கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பி வந்துது. அது வந்த பிறகுதான் சேக்காத தண்ணிட ரிசல்ட்ட நம்பினம். மாமா வீட்டுத் தெளிஞ்ச தண்ணியில ஈயம் இருந்துது, ஆனா 10க்குக் கீழ. வாளி அடியில முட்டிக் கலங்கின தண்ணிய வடிக்காம அமிலம் விட்டுப் பாத்தா கூடுதலா வந்துது, வடிச்சுப் பாத்தா திரும்பக் குறைவு. அதாவது ஈயம் கரைஞ்சு கிடக்கல்ல, மண் துகளோட ஒட்டிக் கிடக்கு. காபனேற்று கூடின தண்ணியில ஈயம் லேசில கரையாது, எங்களுக்கு இவ்வளவு தொல்லை தந்த அதே கடினத் தண்ணிதான் அந்தப் புள்ளையள ஓரளவு காத்திருக்கு.

உருக்கிற இடத்து மணலில கொஞ்சம் எடுத்து, அதில இருந்த ஈயத்த அமிலத்துல கரைச்செடுத்துப் பாத்தம். அதுக்கு ட்ரைட்டனும் தேவையில்ல, ஒண்டும் தேவையில்ல, மெஷினில நேராவே எகிறிச்சு, கனக்க ஐதாக்கித்தான் அளக்க ஏலுமாயிருந்துது. அந்த மணலிலதான் புள்ளையள் விளையாடுறது.

மாமாட்ட சொன்னது இதுதான்: தண்ணி தெளிவா அள்ளினா இப்போதைக்குப் பயமில்ல, கோடையில நீர்மட்டம் இறங்கி அடி கலங்கிற காலத்துல குடிக்க அந்தக் கிணறு வேணாம். பயம் மணலிலயும் உருக்கேக்க வாற புகையிலயும், தூசியிலயும். ஒரே அளவு ஈயம் வயித்துக்குள்ள போனா சின்னப் புள்ளையள்ட உடம்பு பெரிய ஆக்கள விட நாலஞ்சு மடங்கு உறிஞ்சும், ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு இல்லவும் இல்ல. அந்த மணல மேலால வழிச்சு உறையில கட்டணும், களப்புக்க கொட்டப்படாது, உருக்கிறத வளவ விட்டு வெளிய கொண்டுபோகணும், புள்ளையள்ட ரத்தத்துல ஈயம் பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல சொன்னபடி டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் எண்டாலே எங்கயிருந்து வருது எண்டு தேடி நிப்பாட்டணும். மாமி உடனேயே கேட்டா, "அப்ப இவ்வளவு நாளும் தண்ணியத் தண்ணிய எண்டு பயந்து, காலுக்குக் கீழ கிடந்தத விட்டுட்டமே தம்பி?" ஓம் மாமி எண்டதத் தவிர என்னட்டப் பதில் இல்ல.

களப்புத் தண்ணியிலயும் ஒருக்காப் பாத்தம், அங்க இன்னொரு வேடிக்கை. உப்பு கூடினதால தண்ணிட அடர்த்தி ஏறி, ட்ரைட்டன் துளி கீழ இறங்காம மேல வந்து மிதந்துது, சரிச்சு ஊத்தினா சரக்கு முழுக்கப் போயிரும். உப்புத் தண்ணிக்கு எடுக்கிற விதத்தையே மாத்தணும், அது தனி வேலை.

ட்ரைட்டனில எனக்கு ஒரு மனக்குறை இருக்கு. அது உடைஞ்சு ஒக்டைல்பீனோல் ஆகும், அது மீன்ட ஹோர்மோன்ல விளையாடுற சாமான், அதால ட்ரைட்டன ஐரோப்பாவில 2021 ஜனவரியில இருந்து அனுமதி இல்லாமப் பாவிக்க ஏலாது. மீன் பிடிக்கிற வீட்டுக்கு உதவி செய்யப் போய் அதக் களப்புக்க விடுறது நியாயமில்ல, கழிவு முழுக்கப் போத்தலில சேத்து மூடி வச்சிருக்கிறம். டெர்ஜிட்டோல் 15-எஸ்-7 எண்டு இன்னொண்டு இருக்கு, அதில பீனோல் வளையம் இல்ல, முகில் புள்ளியும் 37 பாகை, எங்கட 30 பாகை மேசையில தெளிவா நிக்கும், கொஞ்சம் சூடாக்கினாப் பிரியும், ஃபிரிஜ்ஜும் வேணாம், கரண்ட் போனாலும் கவலை இல்ல. அடுத்த தொகுதி சேம்பிள் அதிலதான், முதல்ல அயன் நீக்கின தண்ணி, மறுகா ஈயம் அளந்து சேத்த கிணத்துத் தண்ணி, ரெண்டும் சரிவந்த பிறகு களப்பு.